ஏழு அடி

“ஏன் பாப்பா, எஸ்டேட்டுப் படிப்புங்கிறியே, படிச்சு முடிச்சா தொரையா ஆயிருவியா?”

பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்த செய்தியைச் சொன்னபோது பாட்டி கேட்ட முதல் கேள்வி இது. நான் படிப்பது நிலச் சொத்து மேலாண்மை. ‘ரியல் எஸ்டேட்’ என்று அப்பா சொல்லி விளக்கியதில் பாட்டியின் காதில் விழுந்தது ‘எஸ்டேட்’ மட்டும்தான். பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினான்கு வயதில் வேலைக்குப் போய், தோட்டம் விற்கப்படும் நாள்வரை பால்மரம் சீவியவர் அவர். எஸ்டேட் என்றால் அவருக்குத் தெரிந்த பெரிய பதவி துரைதான்.

“பொம்பளத் தொரைய நான் பாத்ததே இல்ல” என்று சொல்லி வெற்றிலைக் கறை படிந்த பற்கள் தெரியச் சிரித்தார்.

துரை ஆகவில்லை. ஆனால் முதலாம் ஆண்டு விடுமுறையில், எங்கள் குடும்பத்தின் சொந்த மனையில் ஒரு சிறு கட்டடம் எழுப்புவதற்காக அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். விரிவுரை மண்டபத்தில் பாடமாகக் கேட்டதையெல்லாம் அங்கேதான் உண்மையாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். அந்த அனுபவத்தைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்த மனையைத் தாத்தா 1983இல் வாங்கினார். ஐம்பது அடி அகலம், நூறு அடி நீளம். ஈப்போவிலிருந்து காரில் முக்கால் மணி நேரத் தொலைவில், தோட்டத்து எல்லையை ஒட்டிய சிறு பட்டணத்தில் இருக்கிறது. தாத்தா தோட்டத்து ஸ்டோரில் பால் நிறுக்கும் வேலை பார்த்தவர். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போகும் என்பதை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார். 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது எத்தனை குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வெளியேறின என்பதை அவர் அடிக்கடி சொல்வாராம். அந்தத் துயரத்துக்கு மருந்தாகத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி, நூறு வெள்ளிப் பங்கு சேர்த்து, தோட்டத்தையே வாங்கினார்கள். கையில் இல்லாததைக் கூடிச் சேர்த்தால் நிலம் வாங்கலாம் என்ற நம்பிக்கையை எங்கள் தாத்தா தலைமுறைக்குத் தந்தது அந்தப் பத்து வெள்ளி.

தாத்தாவும் தம் பங்குக்குச் சிறுகச் சிறுகச் சேர்த்து அந்த மனையை வாங்கினார். ஆனால் வீடு கட்ட அவருக்கு ஆயுள் போதவில்லை. தோட்டம் விற்கப்பட்டதும் குடும்பம் சிதறியது. அப்பா ஈப்போ அருகில் ஒரு தாமானில் தரை வீட்டை வாடகைக்கு எடுத்தார். லாரி ஓட்டுவது அவர் தொழில். சித்தப்பா வேறொரு தாமானுக்குப் போனார். திருமணம் ஆகாத அத்தை தொழிற்சாலை வேலைக்குப் போய், பாட்டியோடு ஒரு வாடகை அறையில் குடியேறினார். மனையில் லாலானும் இரண்டு பலா மரங்களும் வளர்ந்தன.

தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிப் பாட்டி பேசும்போது நான் கவனித்த ஒன்று உண்டு. அவர் கதைகளில் வாகனமே வராது. விடியுமுன் பெரட்டுக்கு நடை. பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட நடை. தமிழ்ப்பள்ளி, கோயில், டிஸ்பென்சரி, கடை எல்லாம் நடந்து போகும் தூரத்தில். கூலி குறைவு, அடிமைத்தனம் அதிகம், கித்தா மரத்தடியில் கொசுக்கடி. அதையெல்லாம் புகழ்ந்து பேச நான் வரவில்லை. ஆனால் ஒரு மனிதன் வாழ்வதற்குக் கார் வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் அங்கே இருந்ததில்லை.

சிதறிய குடும்பத்தை ஒன்று சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் அப்பாவுக்குத்தான் முதலில் வந்தது. தாத்தா மனையில் இரண்டு மாடிக் கட்டடம். கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு. ஒன்று எங்களுக்கு, ஒன்று சித்தப்பா குடும்பத்துக்கு, ஒன்று பாட்டிக்கும் அத்தைக்கும். நான்காவதை வாடகைக்கு விட்டால் வங்கிக் கடனுக்கு ஆகும்; பாட்டியின் மருந்துச் செலவுக்கும் ஆகும். அப்பாவும் சித்தப்பாவும் ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து பணம் எடுப்பதாக முடிவாயிற்று. அத்தை தான் கட்டிவந்த கூட்டுப் பணத்தைக் கடைசிச் சீட்டுவரை காத்திருந்து முழுதாக எடுத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு அந்தக் காட்சி தாத்தா காலத்துப் பத்து வெள்ளியை நினைவூட்டியது.

பதிவுபெற்ற வரைவாளர் ஒருவர் மனையைப் பார்க்க வந்தார். நான் நாடாவின் ஒரு முனையைப் பிடித்தேன். அவர் மறு முனையோடு நடந்தார். பிறகு காரின் பானெட் மேல் தாளை விரித்து எங்களுக்கு விளக்கினார்.

இரண்டு பக்கமும் பத்துப் பத்து அடி விட வேண்டும். ஐம்பதில் இருபது போனால் கட்டடத்தின் அகலம் முப்பது அடி. பின்னால் பத்து அடி விட வேண்டும். கட்டடத்தின் நீளம் நாற்பத்து நான்கு அடி. ஒரு மாடிக்கு ஏறக்குறைய 1,320 சதுர அடி. படிக்கட்டுக்குக் கொடுத்தது போக, வீட்டுக்குச் சுமார் 600 சதுர அடி. இரண்டு அறை, ஒரு கூடம், சமையற்கட்டு, குளியலறை. பணக்கார வீடு இல்லை, போதுமான வீடு. முன்னால் சாலைவரை நாற்பத்தாறு அடி மிச்சம்.

“எல்லாம் சரிண்ணே, இப்ப பார்க்கிங் பார்ப்போம்” என்றார் வரைவாளர்.

எங்கள் வட்டார ஊராட்சி மன்றத்தின் அட்டவணைப்படி இப்படிப்பட்ட அடுக்கு வீட்டுக்கு வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்துமிடம். நான்கு வீட்டுக்கு எட்டு. வருவோருக்காக ஒன்று. ஆக மொத்தம் ஒன்பது.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். எங்கள் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து இருந்தவை ஒரு பழைய கன்சில் காரும் இரண்டு மோட்டார் சைக்கிளும். அத்தையைத் தொழிற்சாலைப் பேருந்து வந்து ஏற்றிக்கொண்டு போகும். பாட்டி தம் வாழ்நாளில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

“இல்லாத காருக்கு ஏன் தம்பி எடம்?” என்று அப்பா கேட்டார்.

“நீங்க வித்துட்டா அடுத்து வர்றவன் ரெண்டு கார் வச்சிருப்பானே, அண்ணே.”

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. வரைவாளர் கணக்கைத் தொடர்ந்தார். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். அடிக்கணக்கில் நீளம் பதினாறரை. கார் பின்னோக்கிச் சாலைக்குள் வரக்கூடாது. உள்ளேயே திரும்பி, முகம் காட்டி வெளியேற வேண்டும். அதற்கு ஆறு மீட்டர், அதாவது இருபது அடி ஓடுபாதை. ஒன்பது கார் ஒரே வரிசையில் நிற்க மனையின் அகலம் போதாது. சாலையோரம் நான்கு, உள்ளே ஐந்து என்று இரண்டு வரிசையாகத்தான் வைக்க வேண்டும். பதினாறரையும் இருபதும் பதினாறரையும் சேர்ந்தால் ஐம்பத்து மூன்று அடி. எங்களிடம் இருப்பதோ நாற்பத்தாறு.

ஏழு அடி குறைவு.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி என்ன ஆயிற்று என்று கேட்டார். மன்றத்துப் படிவத்தில் இருந்த ‘தெம்பாட் லெத்தாக் கெரேத்தா’ என்ற சொற்களை நான் தமிழில் சொன்னேன்: “காரை வைக்கிற எடம் பாட்டி. அதுக்கு ஏழு அடி பத்தல.”

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். “மனுசனுக்கு ஆறடி போதும்பாங்க. காருக்கு எத்தன அடி வேணுமாம்?”

நான் சிரித்துவிட்டு அறைக்குப் போய்விட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அன்றிரவு நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போய் எங்கள் கன்சிலை அளந்தேன். நீளம் பதினொரு அடி. அகலம் ஐந்தடிக்கும் குறைவு. அது நிற்பதற்கான கட்டத்தையும், அது திரும்புவதற்கான பாதையில் அதன் பங்கையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். ஒன்பது காருக்கு ஏறத்தாழ 200 சதுர மீட்டர், அதாவது 2,150 சதுர அடி! எங்கள் நான்கு வீடுகளில் மூன்று வீடுகளின் தரைப்பரப்பைக் கூட்டினாலும் 1,800 சதுர அடிதான். இல்லாத எட்டுக் கார்களும் இருக்கும் ஒரு காரும் சேர்ந்து மூன்று குடும்பங்களைவிட அதிக இடம் கேட்டன.

அடுத்த சில வாரங்களில் அந்த ஏழு அடியை மீட்க எங்களால் ஆன வழிகளையெல்லாம் தேடினோம்.

கட்டடத்தின் நீளத்தில் ஏழு அடியைக் குறைத்தால்? முப்பது அடி அகலத்தில் ஏழு அடி என்றால் மாடிக்கு 210 சதுர அடி, வீட்டுக்கு 105. பத்துக்குப் பத்து அறை ஒன்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் போய்விடும். சித்தப்பாவுக்கு வயது வந்த இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு பையன். ஓர் அறை வீட்டில் அவர்களை எப்படி வைப்பது? லயத்தில் பாட்டி பிள்ளைகளை வளர்த்ததும் அப்படி ஒரு பத்துக்குப் பத்து அறையில்தான். அங்கிருந்து வெளியே வருவதற்காகவே தாத்தா நிலம் வாங்கினார்.

கட்டடத்தைத் தூண்கள்மேல் தூக்கிவிட்டுக் கீழே கார் நிறுத்தினால்? இடம் கிடைக்கும். ஆனால் தூண், உத்திரம், அடித்தளம் எல்லாம் பெரிதாகும். இரண்டு மாடி மூன்றாகும். பாட்டி தினமும் படியேற வேண்டும். வரைவாளர் சொன்ன தொகையைக் கேட்டுச் சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

மூன்று வீடாகக் குறைத்தால்? ஆறு, வருவோருக்கு ஒன்று, மொத்தம் ஏழு. ஏழு கார் ஒரே வரிசையில் நிற்க ஐம்பத்தேழு அடி வேண்டும். மனை ஐம்பது அடி. மறுபடியும் இரண்டு வரிசை, மறுபடியும் அதே ஏழு அடி. ஆகவே நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்க முடியாது, நேராக இரண்டுக்குத்தான். நான்கு கார், வருவோருக்கு ஒன்று, ஐந்தும் ஒரே வரிசையில் அடங்கிவிடும்.

அப்பாவும் நானும் மன்றத்துக்கு நேரில் போனோம். எங்களைச் சந்தித்த அதிகாரி அன்பான அம்மையார். “அங்கிள், உட்காருங்கள்” என்று மலாயில் வரவேற்று, வரைபடத்தைப் பொறுமையாகப் பார்த்தார். அவர் சொன்னதை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். “நான் விட்டுக்கொடுத்தால் இன்றைக்கு உங்களுக்கு நல்லது. பத்து ஆண்டு கழித்து அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் கார் நிற்கும். தீயணைப்பு வண்டி நுழைய முடியாது. அப்போதும் மக்கள் எங்களிடம்தான் வருவார்கள்.”

அது பொய்யில்லை. நாங்கள் குடியிருந்த தாமானிலேயே நான் கண்டிருக்கிறேன். வீட்டுக்கு ஒரு கார் என்று எண்ணிக் கட்டப்பட்ட தெருவில் இப்போது வீட்டுக்கு மூன்று. தீபாவளியன்று அம்புலன்ஸ் ஒன்று தெருமுனையிலேயே நின்று, நோயாளியைத் தள்ளுகட்டிலில் வெளியே கொண்டுவந்தார்கள். தம் வீட்டு வாசலில் யாரோ காரை நிறுத்தியதற்காக அண்டை வீட்டாரோடு ஓராண்டு பேசாமல் இருந்தவர் என் அப்பா! விதி பிறந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதை மறுத்தால் நான் படித்தவள் ஆகமாட்டேன்.

என்றாலும் அந்த விதி யாரை நினைத்து எழுதப்பட்டது என்ற கேள்வி என்னை வாட்டியது. விடுமுறை முடிந்து திரும்பியதும் நூலகத்தில் தேடினேன். 1923இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரம், அடுக்குமாடி வீடு கட்டுவோர் கார் நிறுத்துமிடமும் கட்ட வேண்டும் என்று விதித்தது. அங்கே பிறந்த பழக்கம் நகரத்துக்கு நகரம், நாட்டுக்கு நாடு பரவியது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கற்பித்துவந்த பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005இல் இதைப் பற்றியே ஒரு பெரிய நூல் எழுதினார். 2025இல் அவர் மறைந்தார். இலவசமாகத் தெரியும் நிறுத்துமிடத்தின் விலையைக் கார் இல்லாதவனும் கட்டுகிறான். வீட்டு வாடகையாக, கடைச் சாமானின் விலையாகக் கட்டுகிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். அதைப் படித்தபோது அத்தையின் பிளாஸ்டிக் பை என் கண்முன் வந்தது.

ஜப்பான் இதை வேறு விதமாகப் பார்த்தது. 1962இல் வந்த சட்டப்படி அங்கே கார் வாங்குகிறவன்தான் தனக்கு நிறுத்துமிடம் உண்டு என்று சான்று காட்ட வேண்டும். பாரம் கார் வாங்குகிறவன் தலையில். எங்கள் ஊரிலோ வீடு கட்டுகிறவன் தலையில். இதில் ஒரு வேடிக்கை, எங்கள் கன்சிலின் மூல வடிவமே ஜப்பானிய டைஹட்சு மீராதான். காரின் அச்சை வாங்கிக்கொண்டோம். அதற்குரிய ஒழுங்கை வாங்கவில்லை. அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017இல் கட்டாய எண்ணிக்கையை நீக்கியது. நியூசிலாந்து 2020இல் தன் நகரங்கள் அதை நீக்க வேண்டும் என்று தேசியக் கொள்கையாகவே அறிவித்தது. அண்டை நாடான சிங்கப்பூர் 2019இல் ரயில் நிலையங்களுக்கு அருகில் எழும் கட்டடங்களுக்குத் தேவையான எண்ணிக்கையைக் குறைத்தது.

நம் நாட்டுக் கதை வேறு என்பதையும் சொல்ல வேண்டும். 1985இல் புரோட்டோன் சாகா வந்தது. 1994இல் கன்சில் வந்தது. நம்மவர் பலருக்குக் கார் என்பது தோட்டத்து வாழ்க்கையிலிருந்து கிடைத்த விடுதலைச் சீட்டு. தோட்டத்தை விட்டு வந்தவன் தாமானில் வீடு எடுத்தான். வேலை ஓரிடம், பள்ளி ஓரிடம், கோயில் ஓரிடம். பேருந்து வருமா வராதா என்று தெரியாது. கார் வாங்காமல் என்ன செய்வான்? கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு 2010 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. நானும் அதில்தான் வீடு திரும்புகிறேன். ஆனால் ஈப்போ நிலையத்தில் இறங்கியதும் அப்பா கன்சிலோடு காத்திருக்க வேண்டும். கார் வேண்டாம் என்று எழுதும் நானே காரில்தான் வீடு சேர்கிறேன்!

அப்படிக் காத்திருந்த ஒரு நாளில், அப்பா வரத் தாமதமானதால், ஈப்போ பழைய பட்டணத்தில் நடந்தேன். 1892 தீ விபத்துக்குப் பிறகு எழுந்த தெருக்கள் அவை. ஒட்டி ஒட்டி நிற்கும் கடைவீடுகள். கீழே வியாபாரம், மேலே குடித்தனம். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஐந்தடி நடைபாதை. அந்த நடைபாதையும் ஒரு கட்டாய விதிதான். 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வந்தது. கட்டடம் கட்டுகிறவன் நடந்து போகிறவனுக்கு ஐந்தடி விட வேண்டும் என்றது அந்த விதி. இன்றைய விதி காருக்கு விடச் சொல்கிறது. எந்தக் காலமும் தான் மதிக்கிற ஆளுக்குத்தான் இடம் ஒதுக்கச் சொல்லும் போலிருக்கிறது. சுற்றுலா வருவோர் படம் பிடிக்கும் அந்தக் கடைவீடுகளில் ஒன்றை இன்று எங்கள் மனை போன்ற ஓரிடத்தில் புதிதாகக் கட்ட முயன்றால், காரை எங்கே வைப்பாய் என்ற முதல் கேள்வியிலேயே வரைபடம் திரும்பி வந்துவிடும்.

இன்னொன்றையும் அப்போது புரிந்துகொண்டேன். நூறு ஏக்கர் பழைய தோட்டத்தை வாங்கித் தாமான் அமைக்கும் மேம்பாட்டாளருக்கு இந்த விதி ஒரு செலவு மட்டுமே. அவர் அதை முந்நூறு வீட்டின் விலையில் பங்கு போட்டுவிடுவார். ஐம்பதுக்கு நூறு மனை வைத்திருப்பவனுக்கோ அது கட்டலாமா கூடாதா என்ற தீர்ப்பு. ஏழு அடியை அவன் யாரிடம் கடன் வாங்குவான்? சிறியவன் கட்ட முடியாத ஊரில் பெரியவர்கள் மட்டுமே கட்டுவார்கள். பாட்டி பால் வெட்டிய தோட்டம் இன்று மேம்பாட்டாளர் கட்டிய தாமானாகிவிட்டது. தாத்தா வாங்கிய மனையில் பாதிக் கனவுதான் எழும்பியது.

என்ன செய்யலாம்? நான்கு வீடு, ஆறு வீடு என்ற அளவிலான சிறு கட்டடங்களுக்குத் தனிக் கணக்கு வைக்கலாம். 600 சதுர அடி வீட்டையும் 2,000 சதுர அடி வீட்டையும் ஒரே தட்டில் நிறுக்க வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளை எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு கட்டத்தை மட்டும் போடச் சொல்லி, மற்றதைப் புல்தரையாக விட்டுவைத்து, தேவை வரும்போது போட இடம் ஒதுக்கச் சொல்லலாம். தெருவில் காரை நிறுத்துவோரை ஒழுங்குபடுத்தினால், வீட்டுக்குள் இத்தனை கட்டம் என்று அச்சத்தில் எண்ண வேண்டிய அவசியமும் குறையும். பேருந்து வரும் சாலையில் உள்ள மனைக்கும் வராத சாலையில் உள்ள மனைக்கும் வேறுபாடு காட்டலாம்.

இதை யாரிடம் சொல்வது என்று நீங்கள் கேட்கலாம். 1965இல் நிறுத்திவைக்கப்பட்ட ஊராட்சித் தேர்தல் இன்றுவரை திரும்பி வரவில்லை. நம் மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறவர்கள். ஆனாலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஒவ்வொரு வட்டாரத்தின் வரைவுத் திட்டமும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். நாம் எழுத்துமூலம் மறுப்புத் தெரிவிக்கலாம். அப்படி வைக்கப்படும் இடத்துக்கு நம்மவர் எத்தனை பேர் போகிறோம்? கோயில் நிலம் போகும்போதும் தமிழ்ப்பள்ளி இடம் மாறும்போதும் கூடுகிறோம், அது வேண்டியதுதான். ஆனால் நம் வீட்டு வாசலில் எத்தனை அடி விட வேண்டும் என்று தீர்மானிக்கும் காகிதத்தை நாம் புரட்டுவதில்லை. பட்டம் பெற்று ஊர் திரும்பும் நண்பர்களே, முன்னாள் மாணவர்களே, அடுத்த முறை உங்கள் வட்டாரத்தில் வரைவுத் திட்டம் வைக்கப்பட்டால் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள். மலாய் மொழியில் இருப்பதை உங்கள் பெற்றோருக்குத் தமிழில் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசியப் பள்ளியில் தொடர்ந்த நம் படிப்புக்கு இதைவிட நல்ல பயன் என்ன இருக்கிறது?

எங்கள் கட்டடம் சென்ற ஆண்டு எழுந்தது. கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு. கீழே நாங்களும் பாட்டியும். மேலே சித்தப்பா குடும்பம். வாடகை வீடு இல்லாததால் கடனை அடைக்க அப்பா ஞாயிற்றுக்கிழமையும் லாரி எடுக்கிறார். அத்தையை எங்களோடு இருக்கச் சொன்னோம். இரண்டு அறையில் ஐந்து பேர் ஏற்கெனவே இருக்கிறோம் என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். “நான் தனிக்கட்டைதானே, தொழிற்சாலைப் பக்கத்துலயே இருந்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டார். அவருடைய கூட்டுப் பணத்தை அப்பா மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறார். அதை வாங்கும்போது அத்தை கணக்குப் பார்ப்பதில்லை. அப்பா அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

முன்வாசலில் வெள்ளைக் கோடு போட்ட ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றில் கன்சில் நிற்கிறது. ஒன்றில் மோட்டார் சைக்கிள்கள். மூன்றாவதில் சித்தப்பா பிள்ளைகள் பூப்பந்து ஆடுகிறார்கள். நான்காவதில் பாட்டி சாக்கை விரித்து மிளகாய் காயவைக்கிறார். நல்ல வெயில் விழும் இடம் என்று அவருக்கு அதில் திருப்தி.

ஐந்தாவது கட்டம் வருவோருக்கானது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அத்தைதான் வருகிறார். பெரிய சாலையில் பேருந்தை விட்டு இறங்கி, குடை பிடித்து நடந்து வந்து, அந்தக் காலிக் கட்டத்தைக் கடந்து உள்ளே வருவார்.